இறுகிய சக்கரம்

தேக்கா நிலையத்தின் மேல்தளத்திற்குச் சென்றால் தையல் இயந்திரங்களின் ஓசையைக் கேட்கலாம். துணிக்கடைகளுக்கு இடையே அமர்ந்து தையற்காரர்கள் ரவிக்கை தைக்கிறார்கள். காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கிறார்கள். இன்று அங்கு ஓடுபவற்றுள் பெரும்பாலானவை மின்சார இயந்திரங்கள். முன்பு காலால் மிதித்து இயக்கும் கறுப்பு நிற இயந்திரங்களே எங்கும் இருந்தன. அவற்றுள் பல, வீவக வீடுகளின் மூலைகளில் இன்னும் நிற்கின்றன. மேலே பூச்சட்டியோ தொலைபேசியோ இருக்கும். கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினால் அது அசையாது.

லிட்டில் இந்தியாவின் ஓரத்தில், சுங்கை ரோட்டில், 1930களில் தொடங்கிய ஒரு பழம்பொருள் சந்தை இருந்தது. பழைய கடிகாரம், மின்விசிறி, கருவிகள் என்று அங்கே தரையில் விரிக்கப்படாத பொருளே இல்லை எனலாம். ஓடாத இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டிற்குக் கொண்டுபோய் ஓடவைத்துப் பார்ப்பதில் பலருக்குத் தனி மகிழ்ச்சி. அந்தச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. சந்தைதான் மறைந்தது, துருப்பிடித்த இயந்திரங்கள் மறையவில்லை.

உயர்நிலைப்பள்ளி மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் தையல் இயந்திரத்தை மீண்டும் ஓடவைக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த இயந்திரத்தில் துணி தைத்துக் கிடைத்த வருமானத்தில்தான் பாட்டி தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்போது பாட்டிக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. அது ஓடுவதைப் பாட்டி பார்க்கவேண்டும் என்பது பேத்தியின் ஆசை. அண்ணன் ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து, “ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்,” என்கிறான்.

தட்டினால் சரியாகாது, உடைந்துவிடும். பழைய தையல் இயந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு பெரும் பாரத்தைத் தாங்கும். ஆனால், அது வளைந்துகொடுக்காது. ஓங்கி அடித்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட வார்ப்பிரும்பை மீண்டும் ஒட்டவைப்பது கைதேர்ந்த தொழிலாளிக்கே கடினமான வேலை. எனவே, சக்கரத்தைத் திருப்ப முயல்வதற்கு முன்னால், அதை எது பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது துருவை. இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்திற்கும் மேல். கடற்காற்றில் உப்பும் கலந்திருப்பதால் துருப்பிடிப்பது இன்னும் விரைவாகிறது. துருவைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று உண்டு. இரும்பு துருவாக மாறும்போது, அது முன்பு இருந்ததைவிட ஏறத்தாழ இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டு உலோகப் பாகங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் துரு வளர்ந்தால், அது ஆப்புப் போல இருபக்கமும் அழுத்துகிறது. திருகாணி வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, நெருக்கப்பட்டு நிற்கிறது. பலம் கொண்டு திருகினால் ஏன் அசைவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆயினும், தையல் இயந்திரத்தைப் பொறுத்தவரை துரு மட்டுமே குற்றவாளி அன்று. பேத்தி செய்யவேண்டிய முதல் வேலை பாட்டியிடம் கேட்பது.

“பாட்டி, கடைசியா இதுக்கு என்ன எண்ணெய் விட்டீங்க?”

“மெஷின் எண்ணெய் தீர்ந்துபோச்சும்மா. அடுப்படியில இருந்த எண்ணெயத்தான் ரெண்டு சொட்டு விட்டேன்.”

பாதி விடை கிடைத்துவிட்டது. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் பிசுபிசுப்பாகி, பின்பு பசைபோல் இறுகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் தாவரத்திலிருந்து எடுக்கப்படுவதன்று. அது நீர்போல் தெளிந்த, மெல்லிய கனிம எண்ணெய். இயந்திர எண்ணெயும் பல ஆண்டுகள் கழித்துப் பழுப்பு நிறப் படலமாகக் காய்ந்துவிடும் என்றாலும், சமையல் எண்ணெயின் பிடி அதைவிடக் கெட்டியானது. மூன்றாவது காரணம் மிகச் சாதாரணமானது. பாபின் இருக்கும் இடத்திலோ கைச்சக்கரத்தின் பின்புறத்திலோ நூல் சுற்றிக்கொண்டிருக்கும். துரு என்று எண்ணி வாரக்கணக்கில் எண்ணெய் விட்டபின், ஒரு சாண் நூலை உருவியதும் சக்கரம் சுழன்ற கதைகள் பழுதுபார்ப்பவர்களிடம் நிறைய உண்டு.

எங்கே இறுகியிருக்கிறது என்பதையும் அறியவேண்டும். கைச்சக்கரத்தின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். பாபினில் நூல் சுற்றும்போது ஊசி அசையாமல் இருப்பதற்காக அதைத் தளர்த்துவது வழக்கம். அதைத் தளர்த்தியபின் சக்கரம் மட்டும் சுழன்றால், சக்கரத்தில் குறையில்லை. சிக்கல் உள்ளே இருக்கிறது. அப்போதும் சுழலாவிட்டால் சக்கரமே அச்சில் இறுகியிருக்கிறது. சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பார்க்கும்போது, ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அது நல்ல அறிகுறி.

வேலையைத் தொடங்குமுன் ஊசியைக் கழற்றி ஒரு சிறு பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இறுகிய சக்கரம் திடீரென்று விடுபட்டால், ஊசி விரலில் இறங்கிவிடும். மிதி இயந்திரமானால் தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து விலக்கவேண்டும். மின் இயந்திரமானால் விசையை அணைப்பது மட்டும் போதாது. செருகியையே பிடுங்கிவிட வேண்டும். துருத்தூள் கண்ணில் விழாமலிருக்கப் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. எண்ணெய் தோலில் படாமலிருக்கக் கையுறை தேவை. ஆனால், சுழலும் பாகத்தின் அருகே தளர்ந்த கையுறை கூடாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும். பழைய இரும்புக்கதவு, தொழிற்சாலை இயந்திரம் போன்றவற்றைத் தொடுவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். அக்காலச் சாயங்களில் ஈயம் கலந்திருந்ததுண்டு. அச்சாயத்தை உப்புத்தாளால் தேய்த்தால் நச்சுத்தூள் மூச்சில் கலக்கும்.

பிறகு, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தால், மீண்டும் பூட்டும்போது குழப்பம் இராது. இது அற்பமாகத் தோன்றலாம். தரையில் உருண்டோடிய ஒரு சிறு திருகாணிக்காக இயந்திரம் ஓராண்டு முழுதும் முடங்கிக் கிடப்பதும் உண்டு.

இனி எண்ணெய். மெல்லிய எண்ணெய்க்கு ஓர் ஆற்றல் இருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் மேலேறுவது போல, தலைமுடியைவிட நுண்ணிய இடைவெளியிலும் அது தானாகவே ஊர்ந்து செல்லும். இதை நுண்புழை ஏற்றம் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்போம். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு சொட்டு விடவேண்டும். பிறகு செய்யவேண்டியது காத்திருப்பது. பத்து நிமிடமன்று, ஓர் இரவு. மறுநாள் சக்கரத்தை மெல்ல ஆட்டிப் பார்த்து, மீண்டும் சில சொட்டு விட்டு, மீண்டும் ஓர் இரவு. மரத்துண்டு ஒன்றை நடுவில் வைத்து, திருகாணியின் தலையைச் சுற்றி லேசாகத் தட்டலாம். அந்த அதிர்வு துருவில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்க, எண்ணெய் அவற்றுக்குள் நுழைகிறது. அண்ணன் கேட்ட சுத்தியலுக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆனால், அவன் நினைத்த வேலையன்று.

சில இயந்திரங்கள் மூன்று நாளில் இளகும். சில மூன்று வாரம் கேட்கும். இந்தக் காத்திருப்பைத்தான் பலரால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

கடைகளில் நீலமும் மஞ்சளுமாகக் காணப்படும் டபிள்யூடி-40 தெளிப்பானை அனைவரும் அறிவர். அது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவானது. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பு துருப்பிடிக்காமல் காக்க நீரை விரட்டும் ஒரு கலவை தேவைப்பட்டது. நாற்பதாவது முயற்சியில் வெற்றி கிடைத்ததால் அந்த எண் பெயரோடு ஒட்டிக்கொண்டது. முப்பத்தொன்பது முறை தோற்றவர்களின் பெயர் சூட்டும் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். அதன் பிறவி வேலை ஈரத்தை விரட்டுவது. சற்றே ஒட்டிக்கொண்ட பாகங்களுக்கு அது உதவும். நெடுங்காலம் இறுகிக் கிடப்பவற்றுக்கு என்றே ஊடுருவும் எண்ணெய்கள் தனியாக விற்கப்படுகின்றன. எதைப் பயன்படுத்தினாலும், பாகம் இளகியபின் அதைத் துடைத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விடவேண்டும். இல்லாவிட்டால் உராய்வைத் தாங்க அங்கே எண்ணெய் இருக்காது.

இயந்திரத்தின் கறுப்பு உடலில் பொன்னிறப் பூவேலைப்பாடு இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதன்மீது அரக்கு மெருகு பூசப்பட்டிருக்கலாம். கைகளைத் தூய்மைப்படுத்தும் சாராயம் கலந்த துடைதாளால் துடைத்தால், அழுக்கோடு பூவும் போய்விடும். மெல்லிய துணியில் தையல் இயந்திர எண்ணெயைத் தொட்டுத் துடைப்பதே பாதுகாப்பானது.

திருகாணிகளைக் கழற்றும்போது திருப்புளியின் அளவு முக்கியம். அதன் முனை, திருகாணித் தலையின் பள்ளத்தை முழுமையாக நிரப்பவேண்டும். சிறிய முனையைக் கொண்டு திருகினால் பள்ளத்தின் விளிம்பு சிதைந்துவிடும். அதன்பின் எந்தத் திருப்புளியும் பிடிக்காது. கழற்றும் திசையில் உடனே திருகாமல், முதலில் இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அழுத்தினால் துருவின் பிடி உடைவதுண்டு. பிறகு எதிர்த்திசையில் திருப்பலாம். சிறிது நகர்ந்ததும் மீண்டும் சற்று உள்ளே, பிறகு இன்னும் சற்று வெளியே. இப்படி முன்னும் பின்னுமாகவே அது வெளிவரும்.

எல்லாத் திருகாணிகளும் இடப்பக்கம் திருப்பினால் கழலும் என்று எண்ணிவிடக் கூடாது. சைக்கிளின் இடப்பக்க மிதிகட்டை எதிர்த்திசை மரை கொண்டது. மிதிக்கும்போது அது தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். இதை அறியாதவர் பலம் முழுவதையும் செலுத்தி அதை மேலும் இறுக்கிக்கொண்டே இருப்பார்.

ஸ்பேனரைப் பயன்படுத்தும்போது அதை உடலை நோக்கி இழுப்பது நல்லது. தள்ளுவதைத் தவிர்க்க முடியாவிட்டால், விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளவேண்டும். இறுகிய நட்டு முன்னறிவிப்பின்றி விடுபடும். அப்போது மடக்கிய விரல்களின் முட்டிகள்தான் இரும்பில் மோதும். ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி வலுவைக் கூட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அது மாணவர்களுக்கு உரியதன்று. போல்ட் முறிந்தால் திருகுபவரும் கூடவே விழுவார்.

இத்தனை செய்தும் அசையாத பாகத்திற்குச் சூடு ஒரு வழி. எஃகு சூடேறினால் விரியும். ஒவ்வொரு பாகை செல்சியஸ் உயர்வுக்கும் அது தன் அளவில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரிகிறது. பத்து மில்லிமீட்டர் துளை கொண்ட ஒரு நட்டை 100 பாகை கூடுதலாகச் சூடேற்றினால், அதன் துளை 0.012 மில்லிமீட்டர் பெரிதாகும். இது ஒரு தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு. ஆனாலும், வெளியே இருக்கும் நட்டு விரிந்து, உள்ளே இருக்கும் போல்ட் குளிர்ந்தே இருந்தால், இடையிலுள்ள துரு நொறுங்க அது போதும். காய்ந்துபோன எண்ணெய்ப் பசையும் சூட்டில் இளகும். தையல் இயந்திரத்திற்குக் கூந்தல் உலர்த்தியின் வெப்பமே போதுமானது. அதையும் எண்ணெய் விடுவதற்கு முன்னரே பயன்படுத்தவேண்டும். மண்ணெண்ணெயோ தெளிப்பானோ பயன்படுத்திய இடத்தில் சூடு காட்டக் கூடாது. தீச்சுடர், எரிவாயு விளக்கு ஆகியவற்றின் பேச்சுக்கே இடமில்லை.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் சிங்கப்பூரின் துயரமான ஒரு நாள் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்பைரோஸ் என்னும் எண்ணெய்க் கப்பலில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. நண்பகல் உணவு இடைவேளை முடிந்து ஊழியர்கள் வேலைக்குத் திரும்பியிருந்தனர். அப்போது கப்பலில் பெரும் வெடிப்பு ஏற்பட்டது. 76 பேர் உயிரிழந்தனர். உலோகத்தை வெட்டப் பயன்படுத்திய தீச்சுடரிலிருந்து பறந்த பொறிகள், எரிபொருள் தொட்டியில் தேங்கியிருந்த எண்ணெய் ஆவியைப் பற்றவைத்தன என்று விசாரணையில் தெரியவந்தது. அந்தத் தொட்டியின் எரிபொருளில், எளிதில் ஆவியாகும் கச்சா எண்ணெய் கலந்திருந்தது.

எரிவது எண்ணெயன்று, அதன் ஆவி. ஆவி கண்ணுக்குத் தெரியாது. அது எவ்வளவு தொலைவு பரவியிருக்கிறது என்பதைச் சுடரைப் பிடித்திருப்பவர் அறியமாட்டார். வீட்டின் பொருளறையில் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயுடன் வேலை செய்பவருக்கும் இதே விதிதான்.

2004இல் அடுத்தடுத்து நேர்ந்த வேலையிட விபத்துகளுக்குப் பிறகு, 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்புக்கு வந்தது. விபத்து நடந்தபின் தண்டிப்பதைவிட, வேலை தொடங்குமுன்னரே என்ன ஆபத்து நேரலாம் என்று மதிப்பிட்டு அதைக் குறைக்கவேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. ஊசியை முதலில் கழற்றிய பேத்தி செய்ததும் அதுவே.

சிறு திருகாணிகளில் படிந்திருக்கும் துருவை நீக்கச் சமையலறையிலேயே மருந்து உண்டு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியால் தேய்த்துப் பளபளக்கச் செய்வதை நம் வீடுகளில் பார்த்திருப்போம். புளியிலுள்ள அமிலம் உலோகத்தின்மேல் படிந்த கறையைக் கரைக்கிறது. அதேபோல் காடியில் ஓர் இரவு ஊறிய திருகாணியின் துரு, மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். பிறகு சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசவேண்டும். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு வந்துவிடும். காடியை எக்காரணத்தைக் கொண்டும் குளியலறை கழுவும் குளோரின் திரவத்தோடு கலக்கக் கூடாது. அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும்.

கழிவு எண்ணெயை எங்கே ஊற்றுவது? சாக்கடையிலோ வடிகாலிலோ ஊற்றக் கூடாது. சுங்கை ரோட்டை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாயின் நீர் இறுதியில் மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. லிட்டில் இந்தியாவின் வடிகாலில் விழும் எண்ணெய், நாம் குடிக்கும் நீரின் மூலத்தில் கலக்கிறது. எண்ணெயைத் துணியிலோ பழைய செய்தித்தாளிலோ ஊறவைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் அடைத்து, அடுப்பிலிருந்து விலக்கி வைத்தபின் அப்புறப்படுத்தலாம்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருப்பவர்களுக்குத் துணையும் கிடைக்கும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்பவர், பழுதான பொருள்களைக் கொண்டுவந்து தொண்டூழியர்களின் உதவியோடு சரிசெய்துகொள்ளும் ஒரு கூடத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 2014இல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற பெயரில் அதுபோன்ற முயற்சி தொடங்கியது. பொருளைக் கொடுத்துவிட்டுப் போவதன்று அங்கே வழக்கம். பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்ளவேண்டும்.

பேத்தியின் இயந்திரத்துக்கு வருவோம். பதினோராம் நாள் மாலை, ஒரு மில்லிமீட்டர் அசைந்துகொண்டிருந்த சக்கரம் கால் சுற்று வந்து நிற்கிறது. இங்கேதான் பலர் ஆர்வத்தில் முழு வலுவையும் செலுத்திவிடுகிறார்கள். அவள் அதைப் பின்னோக்கித் திருப்பி, கூடுதலாகச் சில சொட்டு விட்டு, அன்றைக்கு அத்தோடு நிறுத்துகிறாள். மறுநாள் அரைச் சுற்று. அதற்கடுத்த நாள் காலையில் சக்கரம் முழுதாக ஒருமுறை சுற்றி வருகிறது. இடுக்குகளிலிருந்து தேநீர் நிறத்தில் பழைய எண்ணெய் வழிகிறது. அதைத் துடைக்கிறாள், புது எண்ணெய் விடுகிறாள், மீண்டும் சுற்றுகிறாள். வழிவது தெளிந்த எண்ணெயாக மாறும்வரை இது தொடர்கிறது.

முதலில் நல்ல துணியில் தைக்கக் கூடாது. எண்ணெய்க் கறை படும். ஒரு கந்தைத் துணியை மடித்து ஊசியின் கீழே வைத்து, தோல் பெல்ட்டை மாட்டுகிறாள். பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும், கால் மிதிபலகையைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது.

“சக்கரத்த உன் பக்கமா சுத்தி விடும்மா,” என்கிறார் பாட்டி. “எதிர்ப்பக்கம் சுத்தினா நூல் சிக்கிக்கும்.”